இலைக்கடியில் இருப்பதை எடுக்க

போன ஞாயிறு பறக்கைக் குளத்தில்
என் பழைய கோல் அழகாக வளைந்தது.
கரையில் நின்ற ஒருவன் போட்டோகூட எடுத்தான்.
சரியான அரைவட்டம்,
கல்யாண ஆல்பத்தில் வைக்கலாம்.
அந்த அழகு முடிவதற்குள் விரால்
இரண்டு தாமரைத் தண்டைச் சுற்றி
மூன்றாவதில் முடிச்சுப் போட்டுவிட்டுப்
போய்விட்டது.
எனக்கு மிஞ்சியது ஒரு மொட்டும்
எட்டடித் தங்கூசியும்.

அதனால் இன்று கோட்டாறு, மெர்லின் கடை.
வலைக்கயிற்றுச் சுருளுக்கும் ஈயக்குண்டுச் சாக்குக்கும் நடுவில்
நிமிர்ந்து நிற்கிற நாற்பது கோல்கள்.

"எங்க போடப்போறீங்க?" என்றாள்.
என்ன மீன் என்று கேட்கவில்லை.
குளத்தைச் சொன்னேன்:
தாமரை, அதை ஒட்டி ஆகாயத்தாமரை,
மடைப்பக்கம் கோரை,
நடுவில் எவனோ கொண்டு தட்டிய
வாழைத்தடைக் குவியல்.
"அப்பம் மீனப் பத்திப் பேசாண்டாம்,
செடியப் பத்திப் பேசுவோம்."

நான் லாரிக்கு வில்லுப்பட்டை அடிக்கிறவன்.
எது எவ்வளவு வளையலாம் என்பதுதான்
பதினாறு வருடமாய் என் சோறு.
ஆனாலும் எல்லோரையும் போல
கோலை எடுத்து காற்றில் ஆட்டித்தான் பார்த்தேன்.
"கடைக்குள்ள எல்லாம் நல்லாத்தான் ஆடும்" என்று
நுனியில் கயிறு கட்டி
கீழே இரண்டு கிலோப் படிக்கல்லை மாட்டினாள்.

முதல் கோல் கும்பிட்டது. கல் இருந்த இடத்தில் இருந்தது.
அடுத்தது நடுவில் நின்று யோசித்தது.
மூன்றாவது, ஏழடி மூன்றங்குலம், அடுப்புக்கரி நிறம்,
நுனியில் ஒரு சாண் மட்டும் தலையசைத்தது.
மீதி உடம்பு அப்படியே
என் முழங்கையில் வந்து நின்றது.
கல் எழும்பியது.

"ரப்பர் தவள இலைமேல நடக்கணும்லா,
அதுக்குத்தான் அந்த ஒரு சாண்.
மிச்சம் எல்லாம்
மீன் வீட்டுக்குத் திரும்பாம இருக்க."

வளைகிற நாணல் பிழைக்கும் என்று
ஐந்தாம் வகுப்பில் படித்தேன்.
சரிதான்.
ஆனால் குளத்தில் பிழைக்கப் பார்ப்பது விரால்,
நான் இல்லையே.

நாலாயிரத்து இருநூறு. பின்னல் நரம்பு தனி.
எண்ணிக் கொடுக்கும்போது போன் அடித்தது.
மச்சினன் ஷைன்ராஜ்.
அவன் பேர் வந்தாலே எதற்கென்று தெரியும்:
இன்னொரு ஜாமீன் கையெழுத்து.
முன்பு ஒரு தடவை வளைந்து கொடுத்தது
இன்றும் மாதம் மூவாயிரமாய்ப் போகிறது.
"பிறவு விளிக்கேன்" என்றேன்.
மெர்லின் சில்லறை தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

மறுநாள் காலை ஆறேகால்.
ஆரல்வாய்மொழிக் காற்று இன்னும் எழும்பவில்லை.
தவளை ஓர் இலையிலிருந்து அடுத்த இலைக்கு
ஒழுங்காக நடந்தது.
மூன்றாவது இலை வெடித்தது.

ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பொறுக்கச் சொல்லியிருந்தாள்.
எண்ணினேன். இழுத்தேன்.
அவ்வளவுதான்.
விரால் இலைகளுக்கு மேலேயே
வழுக்கிக்கொண்டு வந்தது,
பாய்மேல் இழுத்த பிள்ளையைப் போல,
கூடவே பிடுங்கிய ஒரு தண்டும் சேறும்
யாரோ கட்டி எறிந்த சிமெண்ட் சாக்கும்.
நாலே மூச்சு.
சண்டை என்று சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்றேமுக்கால் கிலோ, தராசு சொன்னது.
என் கை சொல்லவில்லை.
பழைய கோலாக இருந்தால்
ஒவ்வொரு கிராமும் தோள்வரை ஏறியிருக்கும்,
மீன் வந்திருக்காது.
எது வேண்டும் என்று மெர்லின் கேட்கவில்லை,
நானும் யோசித்து வாங்கவில்லை.

கொளுவியைக் கழற்றும்போது
சட்டைப்பையில் போன்.
இரண்டு கையிலும் விரால் வழும்பு,
முழங்கைவரை.
அது அடிக்கட்டும்.
கழுவலாம், தண்ணீர் காலடியில்தான் இருக்கிறது.
கழுவவில்லை.